ஜனா எங்கேயும் போகவில்லை

எங்கள் கல்லூரியில் உதைபந்தாட்டம் ஒரு பாடமாக இருந்த காலத்தில் நாங்கள் எல்லாரும் அதில் ஃபெயில். பாடமாக்கியவர் சிவபாதசுந்தரம் சேர். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற கையோடு கோச் ஆனவர். பிழையான பாஸ் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் சிவப்புப் பேனையால் குறிப்பார். ஐந்து குறி விழுந்தால் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டும். கோல் விட்டால் கீப்பர் 'நான் இனிமேல் பந்தை விடமாட்டேன்' என்று கோலுக்கு ஐம்பது தரம் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு மெட்சில் ஜனா ஏழு கோல் விட்டான். முந்நூற்றைம்பது தரம் எழுதினான். கையெழுத்து திருந்தியது. பந்து வழக்கம்போல உள்ளே போனது.

ஜனா வெள்ளவத்தை. கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், தொடர்மாடியின் நாலாவது மாடியில் அவனும் அம்மா நிரோஷா அன்ரியும் இருந்தார்கள். அப்பா பாலசுந்தரம் எட்டு வருஷமாகக் கனடாவில். ஜனாவுக்கு அவர் போன் திரையளவு உயரமான மனிதர். மெட்ச் உள்ள காலைகளில் கல்லூரி இருக்கும் கொட்டாஞ்சேனைக்கு வரும் பஸ்ஸிலேயே ஜனா வாந்தி எடுப்பான். அதற்கென்றே ஒரு பொலித்தீன் பை வைத்திருந்தான். சேர் அதையும் கொப்பியில் எழுதியிருப்பார், பஸ்ஸில் அவர் வருவதில்லை என்பதால் தப்பினான்.

நான் ஹரிசன். அந்த ரீமில் பன்னிரண்டாவது ஆள். விளையாடுவது பதினொரு பேர் என்பதால் தண்ணீர்ப் போத்தல்கள் என் பொறுப்பில் இருந்தன. ஏழு வருஷத்தில் ஒரு போத்தலும் தொலையவில்லை.

போன ஜனவரியில் சேருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். அவருடைய இடத்துக்குக் கொன்ஸ்ரன்ஸ் மிஸ் வந்தார். மட்டக்குளிக்காரி. ஒரு காலத்தில் பெண்கள் கழகமொன்றுக்கு விளையாடியவர். இப்போது காலை ஷிப்டில் கார்மெண்ட் ஃபக்டரியொன்றில் தையல் பிழை பார்க்கும் வேலை. விடியக் காலையிலிருந்து பிழையே பார்த்து அலுத்துப்போய் வருவதால் எங்கள் பிழைகளில் அவருக்கு ஆர்வமில்லை.

முதல்நாள் கப்டன் ரிப்கான் பழக்கதோஷத்தில் அந்தக் கொப்பியை அவரிடம் நீட்டினான். மிஸ் நாலு பக்கம் புரட்டினார்.

"இதென்ன மகன்?"

"நாங்க விட்ட பிழை மிஸ்."

"இவ்வளவுமா? நல்லா பாடுபட்டு இருக்கிறீங்க."

கொப்பியைக் கொண்டுபோய் மைதானத்தின் ஒரு மூலையில் வைத்தார். ஒரு செருப்பைக் கழற்றிக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவை இரண்டும்தான் அன்றைக்குக் கோல் கம்பம். மற்றச் செருப்போடு அவரும் விளையாடினார்.

அவர் கொண்டுவந்த சட்டம் ஒன்றே ஒன்று. கோல் விழுந்தால் யார் விட்டாரோ அவர் அந்தக் கோலுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். எல்லாரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பெயர் சரியில்லை என்றால் கோல் செல்லாது.

முதல் கோல் ஜனா விட்டது. ஐம்பது தரம் எழுதிப் பழகிய கை பேனையைத் தேடியது.

"நூற்றைம்பத்தஞ்சு பஸ்," என்றான்.

"ஏன்?"

"தூரத்திலேயே வாறது தெரிஞ்சது மிஸ். கையும் போட்டனான். நிக்கேல்லை."

முதலில் சிரித்தது மிஸ்தான். பிறகு நாங்கள். அந்த மைதானத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. கன்ரீன் மாமி என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஜனா பெயர் வைப்பதற்காகவே சில கோல்களை விட்டான் என்று ரிப்கான் குற்றம் சாட்டினான். 'கரண்ட் பில்' என்று ஒன்று இருந்தது: வரும் என்று தெரியும், வந்ததும் நெஞ்சு அடைக்கும். 'சொந்தக்காரர்' என்று ஒன்று: மெதுவாக வந்து, காலுக்குக் கீழே நுழைந்து, வெளியே போகவே இல்லை. ஆனால் அதிசயம் என்னவென்றால், விட்டால் ஒன்றுமில்லை என்று ஆனபிறகு அவன் பிடிக்கத் தொடங்கினான். பாய்ந்து பிடித்தான். விழுந்து எழும்பிச் சிரித்தான். மார்ச்சில் பொலித்தீன் பை கொண்டுவருவதை நிறுத்திவிட்டான். மூன்று மெட்சில் ஒன்று வென்றோம், ஒன்று சமன். எங்கள் வரலாற்றில் இது பொற்காலம்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஜனா வந்து பைப்படியில் குந்தினான்.

"மச்சான், எனக்கும் அம்மாவுக்கும் கனடா விசா வந்திட்டுது. அடுத்த கிழமை செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்கு பிளேன்."

பைப்பை மூடினேன்.

"அம்மா கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினவ. பிளேன் எழும்பும் மட்டும் ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டக்கூடாதாம். கண்ணூறு படுமாம்."

"பிறகேன்டா எனக்குச் சொல்லுறாய்?"

"நீ தண்ணிப் போத்தல்தானே. ஆள் கணக்கில வராது."

இது எங்கள் ஆட்களின் வழக்கம். வெளிநாடு போகிறவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் 'பின்னேரம் சந்தைக்குப் போவம்' என்று சொல்லிவிட்டு, மத்தியானம் ஏர்போட்டுக்குப் போய்விடுவார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு நாளுக்குப் பிறகு ஃபேஸ்புக்கில் பனியோடு ஒரு படம் வரும். வெள்ளவத்தையில் பாதிப் பேர் இப்படித்தான் காணாமல் போனார்கள். ஒருவரும் பொலிசுக்குப் போனதில்லை.

"அப்ப சனிக்கிழமை மெட்ச்?"

"விளையாடுவன். திடீரெண்டு நிப்பாட்டினா சனம் யோசிக்குமாம். அதாலதான் அம்மா விடுறா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "ஒரு ஆசை மச்சான். ஏழு வருசமா மற்றவன் அடிக்கிறதைத்தான் பிடிச்சனான். சனிக்கிழமை ஒருக்கா முன்னுக்கு நிண்டு நான் அடிக்கோணும். அங்க போய் ஆரோட விளையாடப் போறன்."

அவன் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டிருப்பது மட்டுமே என் வேலை. போத்தலைக்கூட மூடி போட்டு வைக்கத் தெரிந்தவன் நான்.

அடுத்த நாளே மிஸ்ஸிடம் சொன்னேன். நல்லெண்ணம்தான். காரணம் தெரியாமல் ஒரு கீப்பரை எந்தக் கோச் முன்னுக்கு விடுவார்?

மிஸ் உடனே சம்மதித்தார். சனிக்கிழமை ஜனா முன்னுக்கு, கோலுக்குள் நான். பிறகு கேட்டார்: "வழியனுப்ப எப்ப போறோம்?"

"போறேல்லை மிஸ். இது இரகசியம்."

"என்ன இரகசியம்? எங்கட பக்கம் சொல்லாம போனா செத்த வீடு மாதிரி. என்ட தம்பி மாலைதீவுக்கு வேலைக்குப் போனான், எனக்குச் சொல்லாம. ரெண்டு வருஷம் அவனோட நான் பேசல்ல." பந்தை எடுத்து என் கையில் தந்தார். "அந்தப் பிள்ளை களவெடுத்தவன் மாதிரி போகக் கூடாது மகன்."

அந்த இடத்தில் நான் மறித்திருக்க வேண்டும். மறிக்கவில்லை. கேக்கில் என்ன எழுதலாம் என்று யோசனை சொன்னேன். 'கனடாவுக்குக் கோல் விழாது' என்ற வாசகம் என்னுடையது.

மிஸ் ரீமுக்கே சொல்லிவிட்டார். புதன்கிழமை பின்னேரம் பதினொரு பேரும் மிஸ்ஸும் ஒரு ரிபன் கேக்கும் வெள்ளவத்தை ஒழுங்கையில் இறங்கினோம். லிஃப்ட் பழுது. ரிப்கான் ட்ரம் கொண்டுவந்திருந்தான். எங்கிருந்தோ ஒரு ட்ரம்பெட்டும் வந்தது. பெரிய மெட்சுக்குப் போகிற மாதிரி பப்பரே மேளம் அடித்துக்கொண்டு மாடிக்கு மாடி ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர், "ஆர் போறது?" என்று கேட்டார். "ஜனா, கனடாவுக்கு," என்று எங்களில் ஐந்து பேர் ஒரே குரலில் சொன்னோம். பயிற்சியில்கூட அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எதையும் செய்ததில்லை.

நிரோஷா அன்ரி கதவைத் திறந்தார். மிஸ்ஸைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், அதிலிருந்த ஐசிங்கை வாசித்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஜனா கேக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள வாங்கோ," என்றார் அன்ரி. "ஆர் சொன்னது? ஜனா எங்கேயும் போகேல்லை."

எல்லாருக்கும் தேத்தண்ணி தந்தார். கேக்கை, எழுத்து முதலில் சிதையும்படி குறுக்கே வெட்டினார். 'எங்கேயும் போகேல்லை' என்று ஒவ்வொரு துண்டோடும் சொன்னார். வாசலில் வந்து நின்ற பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு துண்டு கொடுத்து அதையே சொன்னார். மிஸ் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ரிப்கான் ட்ரம்மைக் கதிரைக்குப் பின்னால் ஒளித்தான்.

வியாழக்கிழமை ஜனா வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போனேன். அன்ரி கதவைத் திறந்து, "இரு," என்றார்.

"ஜனா?"

"நுகேகொடையில, மாமா வீட்டில. செவ்வாய் வரைக்கும் அங்கதான்."

வீட்டில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. சுவரில் கலண்டர்கூடக் கழற்றப்படவில்லை. போகிற வீடு என்று ஒருவரும் சொல்லமுடியாது. சூட்கேஸ் இரண்டும் அலுமாரிக்குள் நின்றன என்று பிறகு தெரிந்தது.

"அன்ரி, நான்தான் சொன்னனான்."

"தெரியும் தம்பி." குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாலு வருசத்துக்கு முந்தியும் விசா சரிவந்திட்டுது எண்டுதான் சொன்னவை. நான் சந்தோசத்தில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். மாடி முழுக்கச் சாப்பாடு குடுத்தனான். ப்ரிட்ஜை மூண்டாம் மாடிக்குக் குடுத்தன், கட்டிலைக் கீழ்வீட்டுக்கு. பாஸ்போட் திரும்பி வந்திச்சு, உள்ளுக்கு ஒண்டுமில்லை. குடுத்ததைத் திருப்பிக் கேக்கேலுமே? ஒரு வருசம் நானும் அவனும் நிலத்தில படுத்தம். படியில காணுற சனமெல்லாம், இன்னும் போகேல்லையோ எண்டு கேட்டுதுகள். அவன் பள்ளிக்கூடம் போக முந்தி வாந்தி எடுக்கத் தொடங்கினது அப்பதான்."

நான் அந்த வாந்தியைச் சிவபாதசுந்தரம் சேரின் கணக்கில் போட்டு ஏழெட்டுப் பகிடி சொல்லியிருக்கிறேன். எல்லாம் நல்ல பகிடிகள்.

"நாளைக்கு மட்டும் விடுங்கோ அன்ரி. ஒரு மெட்ச்தானே. இவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்பதான் அவன் விரும்பி விளையாடுறான்."

"அதை நான் காணேல்லையே தம்பி? பாட்டுப் படிச்சுக்கொண்டு பூட்ஸ் கழுவுறான்." கண்ணைத் துடைத்தார். "நீங்கள் வந்து போன பிறகு அஞ்சு பேர் மணி அடிச்சுக் கேட்டிட்டினம். இனி அவன் மைதானத்தில விழுந்து ஒரு கால் பிரண்டாலும் நான் என்னை மன்னிக்கமாட்டன். உனக்கு ஒரு மெட்ச். எனக்கு எட்டு வருசம்."

தேத்தண்ணி தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை கோலுக்குள் நான் நின்றேன். ஜனா முன்னுக்கு நிற்க வேண்டிய இடத்துக்கு ஒருவரும் போக விரும்பாததால் ரிப்கான் போனான். பத்தாவது நிமிஷத்தில் முதல் கோல் விழுந்தது. மிஸ் கோட்டுக்கு வெளியே நின்று, "பெயர், மகன்," என்றார்.

எனக்கு இது வராததல்ல. கல்லூரியில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான்.

"பிறகு சொல்லுறன் மிஸ்."

இரண்டாவதுக்கும் அதையே சொன்னேன். மூன்றாவதுக்கு மிஸ் கேட்கவில்லை. கடைசி நிமிஷங்களில் ரிப்கான் ஒரு கோல் அடித்தான். ஒருவரும் துள்ளவில்லை. அவன் பந்தை வலையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான், யாரிடமோ திருப்பிக் கொடுக்கப் போகிறவன் மாதிரி.

மெட்ச் முடிந்ததும் மிஸ் என் பக்கத்தில் புல்லில் இருந்தார்.

"நான் கேக் கொண்டு போயிருக்கக் கூடாது."

"ஐசிங் நான் சொன்னது மிஸ்."

"அந்த அம்மா வெட்டின மாதிரியை பாத்தியா? முதல்ல எழுத்தை வெட்டினா." போத்தல்களை அவர்தான் சேர்த்து எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி. வராமல் விடுவது என்று எல்லாரும் யோசித்திருப்பார்கள், ஆனால் எல்லாரும் வந்திருந்தார்கள். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் மர்ஸூக் சேர் மாதத்துக்கு ஒருமுறை வரவு எடுப்பார். அன்றைக்கென்று வந்தார். பெயர் வாசித்துக்கொண்டே போய், "ஜனா?" என்றார்.

பிளேனுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

"எங்க அவன்? எங்கயோ போறதா பொடியன்கள் கதைக்கிறான்கள்?"

நான் வாயைத் திறக்க முதல் கொன்ஸ்ரன்ஸ் மிஸ் சொன்னார்: "காய்ச்சல் சேர்."

"எங்கயும் போகல்லயா?"

"எங்கயும் போகல்ல. படுத்திருக்கான்."

"டெங்குவா?"

"இல்ல சேர்," என்றான் ரிப்கான். "சும்மா காய்ச்சல். நேத்துப் போய்ப் பாத்தேன். கஞ்சி குடிக்கிறான்."

"நானும் பாத்தனான் சேர்," என்றேன். பின்னால் நின்ற இரண்டு பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். எங்களில் ஒருத்தனும் நுகேகொடைப் பக்கம் போயிருக்கவில்லை. மர்ஸூக் சேர் 'காய்ச்சல்' என்று எழுதி, இரண்டு நாளில் வரச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

விளையாடினோம். ஐந்தரைக்கு முடிக்கிற பயிற்சியை மிஸ் முடிக்கவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. ஆறு மணி தாண்டி, கால் மணித்தியாலம் கூடுதலாகவும் விட்டுப் பார்த்துவிட்டு, ரிப்கான் பந்தைக் காலால் நிறுத்தினான்.

"இப்ப சொல்லலாமா?"

"சொல்லலாம்," என்றேன்.

தெரியாதவர் ஒருவர்தான். அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.