மாப்பிள்ளை வந்த கிரவல் பாதை

எங்கள் குடும்பத்துக்கு இதுவரை வந்த மாப்பிள்ளைமாரின் படங்களில் ஒருவரும் சைக்கிளோடு நின்றதில்லை. ஊரில் இருப்பவர்கள் ஸ்ரூடியோவில் கோட் போட்டு எடுப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் காருக்குப் பக்கத்தில் நிற்பார்கள், அது யாருடைய காராக இருந்தாலும். இந்த முறை வந்த படத்தில் நிரோஜன் முழங்கால்வரை சேற்றோடு ஒரு காட்டுக்குள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

என் தம்பி காலமான பிறகு அவன் மகள் நிலக்சனாவின் கல்யாணம் என் பொறுப்பு. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொனில் எங்கள் குடும்பம் கொடுத்த சொல்லை மாற்றியதில்லை. அதனால் கொடுப்பதற்கு முன் நன்றாக விசாரிப்போம். சம்பந்தம் கொண்டுவந்தவர் வேலணை ஐயாத்துரை, மாப்பிள்ளையின் சித்தப்பா. பிரான்சில் லிமோஜ் என்ற நகரத்தில், போக்குவரத்துத் துறையில், பொறுப்பான உத்தியோகம் என்றார். அதை நானும் சிலரிடம் அப்படியே சொல்லியிருந்தேன்.

மற்றப் படங்களையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் காடு. ஏற்றமும் இறக்கமுமாக மலைகள், நடுவே சரளைக் கிரவல் போட்ட ஒடுங்கிய பாதை. எந்தப் படத்திலும் ஒரு வாகனம் இல்லை. ஒன்றில் பாதைக்குக் குறுக்கே மரத்தடி ஒன்று போட்டிருந்தது. ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றி என்று நினைத்தேன்.

நிலக்சனா ஊர்காவற்றுறையில் கணிதம் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளையோடு போனில் பேச அனுமதித்திருந்தோம், ஆகவே கார் ஏன் இல்லை, அந்தத் தடி எதற்கு என்று அவளிடம் கேட்டேன். கார் உள்ளே போகாமல் தடுக்கத்தான் அந்தத் தடி என்றாள். முன்பு ரயில் ஓடிய பாதையாம். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளில் போகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் என்று கிரவல் போட்டிருக்கிறார்களாம். எங்கள் தீவுக்கு ரயில் வந்ததே இல்லை. வந்த ரயிலை அனுப்பிவிட்டுக் கிரவல் போட்டவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீதிக்குத் தார்க் காப்பெற் போடும்படி எத்தனை வருடம் கேட்டோம் என்பதை மட்டும் அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

சனிக்கிழமைகளில் மாப்பிள்ளை விடியப் போனால் பின்னேரம்தான் திரும்புவாராம். பழைய ரயில் சுரங்கத்துக்குள்ளால் போய், பாலம் ஏறி, பிறகு மலைக்காட்டுக்குள் புகுந்துவிடுவாராம். வழியில் ஒரு கார்கூட வராதாம். இதை அவள் நல்ல செய்தியாகச் சொன்னாள்.

எனக்கு அப்படிப் படவில்லை. சண்டைக் காலத்தில் பெரிய வீதியை விட்டுத் தரவைப் புல்வெளிக்குள்ளால் சைக்கிள் ஓடியவர்களில் நானும் ஒருவன். யாரும் வராத பாதையை மனிதர் ஆசைப்பட்டுத் தேடுவதில்லை. மறிப்பார்கள் என்ற பயம் இருந்தால்தான் தேடுவார்கள்.

பாரிசில் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் ஜெகதீஸிடம் விசாரித்தேன். லிமோஜ் பக்கம் அவன் போனதில்லை. ஆனால் காரணம் அவனுக்கும் அதுவாகத்தான் பட்டது.

"காட் இல்லாத ஆக்கள்தான் மாமா பெரிய ரோட்டாலை போகமாட்டினம். பொலிஸ் மறிச்சால் ஏத்தி அனுப்பிப்போடுவான்."

காட் என்றால் அந்த நாட்டில் இருக்க விடும் அட்டை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. காட் இல்லாதவருக்கு லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லாதவருக்குக் கார் இல்லை, கார் இல்லாதவர் காட்டுக்குள் சைக்கிள் ஓடுகிறார்.

இதை ஐயாத்துரையிடம் நேரே கேட்பது இரண்டு வீட்டுக்கும் மரியாதை இல்லை. மாப்பிள்ளை நேரில் வந்து பெண் பார்க்கவேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லி அனுப்பினேன். காட் இல்லாதவர் இங்கே வந்தால் திரும்பிப் போக ஏலாது. ஆகவே வரமாட்டார். ஒருவர் மனமும் நோகாமல் பேச்சு நின்றுவிடும்.

என் தம்பி மனைவி சீதேவி அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் என்னோடு பேசினாள். என் தேத்தண்ணியில் சீனியும் இல்லாமல் போனது. நிலக்சனா ஒருமுறைதான் வாய் திறந்தாள்.

"அவர் வராட்டில் எனக்கு வேறை ஒருத்தரும் வேண்டாம், பெரியப்பா."

அவள் எதையும் இரண்டாம் முறை சொல்வதில்லை. என் தம்பியும் அப்படித்தான்.

நிரோஜன் வந்தார். சைக்கிளையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். காட் விஷயத்தில் என் கணக்குப் பிழை. ஜெகதீஸைத் தவிர யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை என்பதால் திருத்திச் சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க ஒழுங்கு செய்தோம். நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முன் மாப்பிள்ளை படியேற வேண்டும். முன் கதிரையில் என் ஒன்றுவிட்ட தங்கை இராசமணி இருந்து, தன் மருமகன் கனடாவில் எஞ்சினியர் என்பதை வந்தவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தாள். வான் வந்தது. ஐயாத்துரை இறங்கினார், அவர் மனைவி இறங்கினார், பழத்தட்டு இறங்கியது. மாப்பிள்ளை இறங்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வருகிறாராம். மண்டைதீவுச் சந்திவரை வானுக்குப் பின்னால்தான் வந்தாராம், பிறகு காணவில்லையாம். இதைச் சொல்லும்போது ஐயாத்துரை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலக்சனா சேலையோடு வாசலுக்கு வந்தாள். கையில் போன்.

"நாரந்தனைத் தரவைக்குள்ளை நிக்கிறார். ரயர் முழுக்க நெருஞ்சி முள்ளாம். நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

வானை அனுப்பலாம் என்றேன். அந்தப் பாதையில் வான் போகாது என்றாள். சைக்கிளையும் எடுத்துவிட்டாள்.

பெண் பார்க்க வந்தவரைப் பெண்ணே போய்க் கூட்டிவந்தாள் என்று எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது. ஆனால் மாப்பிள்ளையை வீட்டுப் பெரியவர் எதிர்கொண்டு அழைப்பது வழக்கம்தான். எவ்வளவு தூரம் போகவேண்டும், எதில் போகவேண்டும் என்று அந்த வழக்கத்தில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினேன். மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் போகிறேன் என்று இராசமணிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு என் சைக்கிளில் ஏறினேன்.

எதிர்க்காற்று. நிலக்சனா எனக்காகச் சைக்கிளை மெதுவாக ஓடினாள், அதை நான் கவனிக்காதது போல் மிதித்தேன். காப்பெற் வீதி முடிந்து கிரவல் தொடங்கியது. இரண்டு பக்கமும் காய்ந்த புல்லும் பனையும்தான், மாடுகள்கூட இல்லை. ஒரு வடலிப் பனையின் நிழலில் நிரோஜன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருந்தார். படத்தில் பார்த்த அதே சிரிப்பு, சேற்றுக்குப் பதிலாகப் புழுதி. எழுந்து கும்பிட்டார்.

"அங்கை ஏத்தம் கஷ்டம் ஐயா. இங்கை காத்தும் முள்ளும்."

நான் கேட்க வைத்திருந்தது ஒரு கேள்விதான். ஒருவரும் வராத பாதையால் ஏன் போகிறீர் என்று கேட்டேன்.

"கிழமை முழுக்க லிமோஜ் ரவுணுக்குள்ளை பஸ் ஓட்டுறன் ஐயா. சனிக்கிழமையாவது பின்னாலை வாற வாகனம் ஒண்டும் கண்ணாடியிலை தெரியாமல் இருக்கட்டும் எண்டுதான்."

"பஸ்ஸோ?"

"ஓம். சித்தப்பா சொல்லேல்லையோ?"

நிலக்சனாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கள் காரைப் பற்றித்தானே கேட்டனீங்கள், பெரியப்பா."

பேச்சை அந்த இடத்திலேயே முறித்திருக்கலாம். பார்க்க ஒருவரும் இல்லை. இராசமணியிடம் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். நிலக்சனா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் எதிர்கொண்டு அழைத்துவருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன், ராகுகாலமும் நெருங்கியது. முதலில் வீட்டுக்குப் போவோம், மிச்சத்தை அங்கே பார்ப்போம் என்றேன்.

நிலக்சனா தன் சைக்கிளை ஓடிக்கொண்டே ஒரு கையால் மாப்பிள்ளையின் சைக்கிளை உருட்டி வந்தாள். என் சைக்கிளை மாப்பிள்ளை ஓட, நான் கரியரில் இருந்தேன். வேறு வழி இருக்கவில்லை.

கரியரில் இருப்பவனுக்கு ஓடுகிறவனின் முதுகு மட்டும்தான் தெரியும். குழி வர முன்பே அந்த முதுகு மெதுவாகியது. "பள்ளம் வருது ஐயா, பிடிச்சுக்கொள்ளுங்கோ," என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். ஒருமுறைகூட திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை. வளைவில் வேகத்தைக் குறைத்து, திரும்பிய பிறகே கூட்டினார். என் இடுப்பு வலி எனக்கு ஞாபகம் வந்ததே காப்பெற் வீதி ஏறிய பிறகுதான்.

எங்கள் ஒழுங்கை தொடங்கும் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வேட்டியை அவிழ்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தேன். ராகுகாலத்துக்குச் சற்று முன் அவர் கால் கழுவிப் படியேறினார்.

எல்லோரும் இருந்தபின், மாப்பிள்ளைக்கு அங்கே என்ன உத்தியோகம் என்று இராசமணி என்னைக் கேட்டாள். ஐயாத்துரை முந்திக்கொண்டு போக்குவரத்துத் துறையில் என்று தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நிலக்சனா தேத்தண்ணித் தட்டத்தோடு குசினி வாசலில் நின்றாள்.

"பஸ் ஓட்டுறார்," என்றேன். "நல்லாய் ஓட்டுறார். நாரந்தனையிலை இருந்து நான் அவருக்குப் பின்னாலை கரியரிலை இருந்துதான் வந்தனான்."

சீதேவி எனக்கும் தேத்தண்ணி தந்தாள். சீனி போட்டிருந்தாள்.