காற்று தின்ற எழுத்து

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. போன மாதம் நானும் என் மனைவியும் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே போகும் பாதையில் காலையிலிருந்து நடந்து, கால் ஓய்ந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால், கம்பித் தடுப்போரம், இன்னொரு ஜோடி. அந்தப் பெண் பள்ளத்தைப் பார்த்தபடியே புருஷனிடம் சொன்னாள்:

"அடுத்த மாசம் நா… அக்கா ஊருக்கே குடிபோயிடுறோம்."

நடுவில் ஒரு காற்று. "நாம" என்றாளா, "நாங்க" என்றாளா? ஒன்றில் அந்த மனிதன் குடும்பத்தோடு போகிறான். இன்னொன்றில் அவன் மட்டும் இங்கேயே கிடக்கிறான். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது. பிறகு இருவரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

எனக்கு "நாங்க" என்று கேட்டது. என் மனைவி, "நாமன்னுதாங்க சொன்னா, உங்க காதுலதான் கோளாறு" என்றாள். வீடு வந்து சேரும்வரை இதே சண்டை. (வேற்று மொழிக்காரர்கள் பலருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒரே சொல்லில் எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.)

2

சண்டை தீராததால் அதைக் கதையாகவே எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "இளவெயிலில் அந்தப் பள்ளத்தாக்கு பொன்னை உருக்கி ஊற்றியது போல…" போதும். பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிற எவனும் முதல் வரியிலேயே அதில் விழுந்து தொலைக்கிறான்.

இரண்டாவது: அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆழம் அவனுக்குப் பழகிப்போன சமாச்சாரம். தடுப்பின் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்து, "என்ன, ஒரு நூறு மாடி இருக்குமா?" என்கிறான். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பிப் பிழைப்பவள். அவன் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

"தள்ளி வாங்க."

"விழ மாட்டேம்மா."

"விழுந்தா எனக்குத்தானே அலைச்சல்!"

எழுதியதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விட்டுவிட்டுப் போகப்போகிறவளின் கால் பிரேக்கைத் தேடுமா? தேடும். எந்தக் கத்துக்குட்டி வண்டியை எடுத்தாலும் அந்தக் கால் தேடத்தான் செய்யும். இதை வைத்து அவள் மனதைச் சொல்ல முடியாது.

3

ஒரு மகள் வேண்டும். இல்லாவிட்டால் "நாங்க" என்பது யார் யார்? பதினோரு வயது, லீவுக்குப் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். அங்கேயே அவளுக்குப் பள்ளியில் இடமும், அம்மாவுக்கு வேலையும் கிடைத்திருக்கின்றன. இது அவனுக்கும் தெரியும். "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தான்.

கோபத்துக்கும் ஒரு காரணம் வேண்டுமே. அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் போன் வரும். எங்காவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். ஒருநாள் அவள் கேட்டாள்: "ஊர்ல யார் மாட்டிக்கிட்டாலும் ஓடிப்போய் எடுத்து விடுறீங்க. வீட்டுல மாட்டிக்கிட்டவ எந்த நம்பருக்குப் போன் பண்றது?"

அதற்கு அவன் சொன்ன பதில்: "வேலைன்னா…" (இதற்குமேல் அவன் வாயில் எதைப் போட்டாலும் பொய்யாக இருக்கிறது.)

4

முடிவு அ: அவன் "சரி" என்கிறான். ஒரு மாதம் வாயைத் திறக்காமல் பெட்டி கட்டுகிறான், யாருடைய பெட்டி என்று தெரியாமலே. (அப்படியும் ஒரு ஆள் இருப்பானா என்கிறீர்கள். உங்கள் சொந்தத்திலேயே தேடிப் பாருங்கள்.)

முடிவு ஆ: அவன் கால் வழுக்கி… சீ. அடித்துவிட்டேன்.

முடிவு இ: அவன் கேட்டுவிடுகிறான். லேசுப்பட்ட காரியமில்லை. கேட்டால், சந்தேகப்பட்டது தெரிந்துவிடும். கேட்காவிட்டால், ஒரே வீட்டில் ஒரு மாதம் வெந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கே அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது.

திரும்பும் வழியில், வண்டிகள் நிறுத்துமிடம் கண்ணுக்குத் தெரிகிற வளைவில், அவன் நின்றான்.

"நானும் வர்றேன்தானே?"

அவள் தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இதைக்கூடக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

5

இதற்குமேல் எனக்கு வரவில்லை. "சிரித்துக்கொண்டே" என்று ஒரு சொல் சேர்த்தால் அவன் பிழைத்தான். "முகத்தைத் திருப்பிக்கொண்டு" என்று எழுதினால் தொலைந்தான். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே அவள் சொல்லக்கூடியதுதான். வேண்டுமானால் நீங்கள் உங்கள் வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து, அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தொனி வருகிறதோ, அதுதான் முடிவு.

நானும் என் மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, படித்தாள். எப்படிப் படித்தாள் என்று கேட்காதீர்கள். அது எங்கள் வீட்டு விஷயம்.