இடது பக்கத்து டேப்

வாயை மூடிக்கொண்டிருந்தால் ரகசியம் தங்கிவிடும் என்று நினைத்தாள் அவள். சைக்கிளே போட்டுக் கொடுக்கும் என்று யார் கண்டது!

ஐந்து நாள் சைக்கிள் பந்தயம். இரண்டாம் நாள் ஒரு வளைவில் நாலைந்து பேர் மொத்தமாகச் சரிந்ததில் அவளும் விழுந்தாள். இடது மணிக்கட்டு பணியாரம்போல் வீங்கிவிட்டது. முழுக்கைச் சட்டைக்குள் அதை மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, சிராய்ப்புதான்" என்று சமாளித்தாள். அணியில் ஆறு பேர். அடுத்த வருடம் ஐந்து பேர்தான். வெளியே போகப்போகிறவள் யாரென்று பந்தயம் முடிந்ததும் மேனேஜர் சொல்வார். கை போனவளை எவர் வைத்துக்கொள்வார்? பயம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அணியின் மெக்கானிக் வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன் மனைவிதான். சொந்தம் என்பதற்காகச் சலுகை ஒன்றும் கிடையாது. நாலு திட்டு அதிகமாகக் கிடைக்கும், அவ்வளவே.

நான்காம் நாள் மாலை சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணி, "இங்க வா" என்றாள். விழுந்த அன்று ஹேண்டில்பாரில் புதிதாகச் சுற்றிய வெள்ளை டேப்பைத் தொட்டுக் காட்டினாள். வலது பக்கம் வியர்வையும் அழுக்கும் ஏறிக் கறுத்திருந்தது. இடது பக்கம் அப்படியே பளிச்சென்று இருந்தது.

"இந்தக் கைக்கு மட்டும் லீவு விட்டுட்டியா?"

"அண்ணி, மெதுவா பேசுங்க."

"ஏன் மெதுவா பேசணும்? காட்டு கைய." சட்டையை விலக்கிப் பார்த்ததும் திட்டு பாதியில் நின்றது. "அடிப்பாவி! இதை வச்சுக்கிட்டா மலை இறங்குன?"

"நாளைக்கு ஒரு நாள்தான் அண்ணி. முடிச்சிட்டா..."

"நீயே போய் டாக்டர்கிட்டயும் மேனேஜர்கிட்டயும் சொல்ற வரைக்கும் வண்டி கிடையாது. உங்க அண்ணன் வந்து கால்ல விழுந்தாலும் சரி."

வேறு வழியில்லாமல் போய்ச் சொன்னாள். எக்ஸ்ரேயில் மெல்லிய விரிசல். "எலும்பு விலகல. கட்டுப் போட்டு ஆறு வாரம் கை சும்மா இருந்தா கூடிடும். மறுபடி விழுந்தா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். "ஓட்டச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். ஓட்டியே தீருவேன்னா இறுக்கிக் கட்டிவிடறேன். கூட்டத்துல நுழையாம கடைசியா வா."

மேனேஜர் எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்துவிட்டு, நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். தன் பேரைத்தான் அடிக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் கடைசியாகத்தான் போனாள். சாலையில் ஒவ்வொரு மேடு பள்ளமும் மணிக்கட்டில் ஏறி அவள் உயிரை எடுத்தது. இறக்கத்தில் வலது கையால் மட்டும் பிரேக் பிடித்தாள். அழுதாள், தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டாள், ஆனால் மிதிப்பதை நிறுத்தவில்லை. அன்றைய நேரக் கெடு முடிய நாற்பது வினாடி இருக்கையில் கோட்டைத் தாண்டினாள்.

அணியின் லாரி அருகே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தவளிடம் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். அடுத்த வருட ஒப்பந்தம்!

"முந்தாநாள் வரைக்கும் நீ லிஸ்ட்ல இல்லம்மா. நீ ஒத்தைக் கையால ஓட்டறது எனக்குத் தெரியாமலா இருக்கும்? காயத்தை மறைக்கிறவள நம்பி நான் எப்படித் திட்டம் போடறது? நேத்து வந்து சொன்ன பாரு, அப்பதான் உன் பேரை எழுதினேன். கையெழுத்துப் போடு."

பேனாவை வலது கையில் வாங்கினாள். இரண்டு கோடு இழுத்தாள். கோழி கிளறினாற்போல் இருந்தது.

"சார்... நான் இடது கைக்காரி."

மேனேஜர் அந்தக் கிறுக்கலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, கை கூடினதும் வந்து ஒழுங்கா போடு. உன் இடத்துல யாரையும் போட மாட்டேன்."

அவர் போனதும் அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "முதல் வாரம் என்ன பண்ணப்போற?"

"தூங்கணும்."

"ரெண்டாவது வாரம்?"

"நிக்கிற சைக்கிள்ல ஒத்தைக் கையோட மிதிக்கலாமாம். டாக்டர் சொன்னாரு."

"ஆறாவது வாரம்?"

அவள் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, முகமெல்லாம் சிரிப்பு.

"என் பேரை எழுதணும் அண்ணி."