பதினேழாம் எண் கிணறு

1995 மே 9, காலை பதினொன்றே கால்.

ரிசார்ட் மேலாளர் ஏகநாதன் பியூலாவை ஏசி அறையில் உட்காரவைத்து ஜூஸ் வரவழைத்தார். மேசைமேல் அவளுடைய ஆய்வேடு. தாம்பரம் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளரான அவள் நான்கு வருடம் அலைந்து எழுதியது. கூடுவாஞ்சேரிப் பக்கத்துச் சுற்றுலா விடுதிகள் எடுக்கும் நிலத்தடி நீர் பற்றியது. அலமாரியில் தூங்க வேண்டாம், தொழில் நடத்துகிறவர்கள் படிக்கட்டும் என்று போன வருடம் அவளே ஒரு பிரதியை இங்கே கொடுத்திருந்தாள்.

கடைசியில் இருந்த வரைபடம் மட்டும் கசங்கியிருந்தது. நாற்பத்தொரு கிணறுகள். அவற்றில் கோடையிலும் வற்றாத ஆறு கிணறுகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அங்கே ஆழ்துளை போடக் கூடாது என்பதற்காக அவள் போட்ட வட்டம்.

"ஜியாலஜிஸ்ட் மூணு இடம் காட்டினார் மேடம். மூணுலயும் வெறும் புழுதி. உங்க வட்டத்துலதான் தண்ணி. ரிசர்ச்சும் இண்டஸ்ட்ரியும் சேர்ந்தா இதான்."

அங்கே ஆழ்துளை போட்டால் கிணறுகள் வற்றிவிடும் என்று எழுதியிருந்த நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தீர்களா என்று அவள் கேட்டாள். சீசன் முடியட்டும், படிக்கிறேன் என்றார். பதினேழாம் எண் கிணற்றை ஒட்டிய மனையை முறைப்படி வாங்கியிருந்தார்கள். நானூறு அடிக்கு ஆழ்துளை போட்டிருந்தார்கள். விளம்பரத் தாளில் 'இயற்கையோடு இணைந்து' என்று அச்சாகியிருந்தது. கல்லூரியின் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார்.

பதினேழு எல்லம்மாவின் கிணறு. ரிசார்ட் பின்சுவரிலிருந்து ஐந்து நிமிட நடை. அந்தத் தண்ணீரில் அவள் கீரை போட்டாள். மே மாதத்தில் தெரு முழுக்க அதைத்தான் குடித்தது. கிணற்றை எழுதிக்கொண்டு போகிறவர்கள் நிலத்தையும் எடுத்துக்கொள்வார்கள் என்று ஆய்வுக்கு வந்த பியூலாவை முதலில் அவள் உள்ளே விடவில்லை. உங்கள் தண்ணீரைக் காப்பாற்றத்தான் என்று ஏழாவது முறை சொன்னபோது விட்டாள்.

ரிசார்ட்டிலிருந்து பியூலா நேரே அங்கே போனாள். இப்போது கிணற்றில் வெறும் ஈர மணல். பாத்திகளில் கீரைத் தண்டுகள் காய்ந்து நின்றன. தெருப் பெண்கள் தண்ணீர் லாரிக்காக ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போயிருந்தார்கள்.

எல்லம்மா ஸ்டூலை எடுத்துப் போட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

பியூலா வட்டத்தைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கலெக்டருக்கு மனு கொடுக்கலாம் என்றாள். மனுவோடு அதே வரைபடத்தைத்தான் இணைக்க வேண்டும்.

எல்லம்மா கேட்டாள்:

"இன்னும் யாரார் கெணத்துக்கு வட்டம் போட்டுகீறீங்க, டீச்சரம்மா?"