சின்னையனின் இடுப்பளவு

"இந்த மூங்கில் தாங்காதுங்க. இன்னும் பருமனா ரெண்டு வெட்டிட்டு வாங்க." வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரர் பொன்னுவேல் இப்படிச் சொன்னதும், பனிக்குள் யாரோ சிரித்தார்கள்.

செத்த வீட்டில் சிரிப்பு வருமா? டெய்லர் சின்னையன் செத்தால் வரும். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருசமாக மெஷின் மிதித்தவர். "தொப்பை தெரியுது, மெஷினைக் காணோமே!" என்று கேலி பேசாத ஆள் ஊரில் இல்லை. ஊரிலுள்ள அத்தனை இடுப்பளவும் அவருக்கு அத்துபடி. ஆனாலும் ஒருத்தரிடம்கூட, "ரெண்டு அங்குலம் ஏறிட்டீங்க" என்று அவர் வாய் சொன்னதில்லை.

தலைமாட்டில் அவர் மனைவி பாவாயி உட்கார்ந்திருந்தாள்.

"வாயக் கட்டியிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு," என்றாள் எதிர்வீட்டுத் தனலட்சுமி. "நீங்களும் பாசத்துல ஆக்கி ஆக்கிப் போட்டீங்களே அக்கா!"

பாவாயிக்குச் சுருக்கென்றது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? இருந்தாலும் இது அநியாயம். சேலத்து டாக்டர் சித்திரையில் சோறு கூடாதென்று சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் கேழ்வரகுக் கூழும் கோதுமை தோசையும்தான். அவருக்கு இல்லாத சோறு தனக்கும் வேண்டாமென்று அவளும் அதையேதான் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் சின்னையன் தன் இடுப்பை அளந்து, மெஷினுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். ஐம்பத்து நாலில் ஆரம்பித்தது, போன வெள்ளிக்கிழமை நாற்பத்தேழு. ஏழு அங்குலம்! யார் கண்ணுக்குத் தெரிந்தது? அதே தொளதொளச் சட்டைதான். "சட்டையக் கொஞ்சம் புடிச்சுத் தச்சுக்கோங்க" என்றால், "நாப்பது வரட்டும் புள்ள" என்பார்.

நேற்று மத்தியானம் கூழைத் தள்ளி வைத்துவிட்டு, "பாவாயி, ஒரே ஒரு புடி சோறு போடு. தயிரு ஊத்தி. நாக்கு செத்துப் போச்சு," என்று கேட்டார்.

"நாப்பது வரட்டுங்க," என்றாள் இவள்.

அவர் சிரித்துக்கொண்டே கூழைக் குடித்தார். சாயங்காலம் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். பாவி, ஒரு பிடி போட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

"குப்பனூர்ச் சொந்தக்காரங்களும் வந்தாச்சு. வாய்க்கரிசிக்கு அரிசி கொண்டாங்க," என்று பொன்னுவேல் உள்ளே வந்தார்.

அடுப்படிக்குப் போன தனலட்சுமி வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "டின்னு பூட்டியிருக்குதுங்களே அக்கா? அரிசியப் போயி யாராச்சும் பூட்டி வெப்பாங்களா?"

பாவாயி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள்.

"நாந்தான் பூட்டுனேன். அவரு சோறு தின்னு எட்டு மாசமாச்சு கண்ணு."

தனலட்சுமி சாவியை வாங்கிக்கொண்டு போனாள். டின்னைத் திறந்து, வண்டு விழுந்திருந்த அரிசியை முறத்தில் கொட்டி, நிதானமாகப் புடைத்துக் கொண்டுவந்தாள்.

உறவுக்காரர்கள் போட்டு முடித்ததும் பாவாயியின் முறை வந்தது. ஒரு தரம் அள்ளிப் போட்டாள். இரண்டு. மூன்று. கை மறுபடியும் முறத்துக்குப் போனது. நாலு. ஐந்து.

"மூணு தரந்தானுங்க. போதும்," என்றார் பொன்னுவேல்.

"உடுங்க, போடட்டும்," என்ற தனலட்சுமி, முறத்தை இன்னும் கொஞ்சம் பாவாயியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.