மாவுச் சாக்குச் சட்டை

பெட்டியைத் திறந்தபோது ரோஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டை வைத்த இடத்தில்தான் இருந்தது. மடிப்புகூடக் கலையவில்லை. ஆனால் எடுத்து உதறியதும் வலது கை தனியாகக் கழன்று அவள் மடியில் விழுந்தது. நேற்று விளக்கேற்றும் நேரத்துக்குள் அவசரமாகத் தைத்து முடித்த கை. பிரித்தவருக்கு அந்த அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. துணியில் ஒரு கீறல் இல்லை, ஓர் இழை இழுபடவில்லை. உருவிய நூலைக்கூட வீணாக்காமல் ஓர் ஈர்க்குத் துண்டில் சுற்றி ஓலைப்பெட்டியின் மூலையில் வைத்திருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது. கிழித்துப் போட்டிருந்தால் ஆத்திரம் என்று விட்டுவிடலாம். நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் தை, நான் அத்தனை தடவையும் பிரிக்கிறேன் என்று நிதானமாகச் சொல்வது போலல்லவா இருக்கிறது!

போன வாரம் கழுத்துப் பட்டி. அதற்கு முன் இரண்டு பக்கத் தோளும். இன்றைக்குக் கை.

பிறக்காத பிள்ளைக்குத் துணி தைக்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத சட்டம். பிள்ளை பிறந்து, பால் குடித்து, இருந்துவிடும் என்று தெரிந்த பிறகுதான் புதுத்துணி. அதுவரைக்கும் பழைய வேட்டிக் கிழிசல். மிஞ்சினால், நன்றாக வளர்ந்த வேறு வீட்டுப் பிள்ளை போட்டுக் கழித்த சட்டை. ஆசையாகக் காத்திருக்கிறோம் என்று வெளியே காட்டிக்கொண்டால் பிள்ளை தங்காதாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய் எல்லாரையும்விட உரக்க ஞானப்பாட்டுப் பாடுகிற மாமியார் ஞானபாய்கூட இந்த ஒரு விஷயத்தில் ஆண்டவரை முழுசாக நம்புவதாகத் தெரியவில்லை.

ரோஸுக்கு இதெல்லாம் புதுசு. தாய் இல்லாத பிள்ளை. நாசரேத்தில் மிஷன் விடுதியில் வளர்ந்தவள். அங்கே தையல் வகுப்பில் பெண்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து தைத்ததே பிறக்காத பிள்ளைகளுக்குத்தான். ஒரு துரைசானிக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததுமே மேலங்கி, தொப்பி, காலுறை என்று தைத்துத் தைத்துக் குவித்தார்கள். அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று பிறந்து, இவர்கள் தைத்த தொப்பியை இழுத்து வாயில் வைத்துச் சப்பியதை ரோஸ் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

முதல் பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லை. தூத்துக்குடியில் இந்த வீட்டில்தான் பெற வேண்டும். புருஷன் சுந்தரராஜ் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. உலகச் சண்டை முடிந்து வருஷம் திரும்பியும் துணிக்குக் கட்டுப்பாடு போகவில்லை. பங்கீட்டுக் கடையில் கிடைத்தது மாமியாருக்கு ஒரு சேலைக்கே பற்றவில்லை. அவன்தான் கப்பலில் வந்த கோதுமை மாவுச் சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். நல்ல பருத்தித் துணி. சலவைச் சோடா போட்டு அவித்து அவித்து வெளுத்ததில் குழந்தைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. நீல மையில் அடித்திருந்த இங்கிலீஷ் எழுத்துகளில் ஒன்று மட்டும் போகமாட்டேன் என்று முதுகுப்பக்கம் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்தே வெட்டினாள்.

கழன்ற கையை எடுத்துக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போனாள். ஞானபாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இதை நீங்கதான் பிரிச்சியளா?"

ஞானபாய் தலை நிமிரவில்லை. "பிரிச்ச கை நல்லா இருக்கட்டும்."

"நான் கேட்டது நீங்களான்னு."

"ஏளா, பொறக்கட்டும். பொறந்து எனக்கு மூஞ்சியக் காட்டட்டும். பெறவு பட்டுலயே தைப்போம். இப்ப என்ன அவதி?"

"பொறக்கும்போது வெறும் மேலோட கெடக்கணுமா?"

"நீ பொறக்கும்போது கோட்டுப் போட்டுக்கிட்டா வந்த?"

ரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டதில் கோபம் இன்னும் ஏறியது. துரைசானியின் கதையை எடுத்தாள்.

"துரைசானி நாக்காலியில உக்காந்து முள்ளுக்கரண்டியில திங்கா. நீயும் திங்கேன், யாரு வேண்டாம்னா?" என்றாள் ஞானபாய். முறத்தில் விரலுக்குத் தட்டுப்பட்ட ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

சுந்தரராஜிடம் சொன்னால் அவன் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டுவான். அதனால் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே தெருவைப் பார்த்த வாசல்படியில் பாயைப் போட்டு உட்கார்ந்து, கழன்ற கையைத் திரும்பத் தைக்க ஆரம்பித்தாள். வயிறு தெரியும்படி, சட்டை தெரியும்படி. ஓட்டத்தையல் வேண்டாம் என்று ஒவ்வொரு தையலையும் பின்னால் ஓர் எட்டுப் போய் வாங்கி, கெட்டித்தையலாகப் போட்டாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் பார்க்காதது போல வேகமாகப் போனார்கள். மீன்காரி சிலுவை கூடையை இறக்காமலே நின்றாள்.

"என்ன ரோசம்மா, சட்டை வந்துட்டு, ஆளை எங்கன காணும்?"

"ஆளு கப்பல்ல வாராரு."

"அப்பம் சரி. நம்மூருக் கப்பலு என்னைக்குக் கரைக்கு வந்திருக்கு? அந்தால தூரத்துல நிக்கும். தோணி போயில்லா இறக்கணும்!"

தெருவே சிரித்தது. ரோஸும் சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது நிலைப்படிக்கு உள்ளே அற்புதமணி நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. ரோஸின் விரலையே, ஊசி உள்ளே போய் வெளியே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அற்புதமணி சுந்தரராஜின் அக்காள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். பிள்ளை எட்டு நாள் இருந்தது. புருஷன் கொழும்பில் கடைவேலை பார்க்கிறவன். சேதி போன பிறகு வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அப்படியே இங்கே தங்கிவிட்டாள். வீட்டில் அவள் குரல் கேட்பதே அபூர்வம். பாத்திரங்கள் கழுவியிருக்கும், தண்ணீர் நிறைந்திருக்கும். அதை வைத்துத்தான் அவள் இருக்கிறாள் என்று தெரியும்.

ஞாயிறு மத்தியானம் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு மாமியாரும் மருமகளும் சேர்ந்து போனார்கள். பாதிக் கூட்டத்தில் ரோஸுக்கு இடுப்பு கடுத்தது, உட்கார முடியவில்லை. ஞானபாய், "போய்ப் படு" என்று கண்ணாலேயே சொல்லி அனுப்பினாள். வெயிலில் நடந்து வந்து முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முருங்கை நிழலில் அற்புதமணி உட்கார்ந்திருந்தாள். மடியில் சட்டை. கையில் உடைமரத்து நீள முள் ஒன்று. தையலுக்குள் முள்ளை விட்டு, நோகாமல் தூக்கி, நூலை உருவிக்கொண்டிருந்தாள். குழந்தையின் காலில் தைத்த முள்ளை எடுப்பவள் அப்படித்தான் எடுப்பாள்.

"மயினி, நீங்களா?"

அற்புதமணி எழுந்திருக்கவில்லை. "இன்னும் கொஞ்சந்தான். கெட்டியாப் போட்டிருக்க. முடிச்சிருதேன்."

"என் பிள்ளை உங்களுக்கு என்ன பாவம் செஞ்சிச்சு?"

"அது வேண்டாம்னா பிரிக்கேன்? இருக்கணும்னுல்லா பிரிக்கேன்." அடுத்த தையலுக்குள் முள்ளை விட்டாள். "நானும் தச்சேன் ரோசு. அம்மைக்குத் தெரியாம, அடுப்படியில உக்காந்து. என் கல்யாண முக்காட்டுத் துணியில. ஒருத்தருக்கும் தெரியாது. கர்த்தருக்கும் நான் சொல்லல."

ரோஸ் கையைச் சுவரில் ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள்.

"பிள்ளை எப்படிப் போச்சு?"

"தாடை இறுகிட்டு. பால் இறங்கல. வெட்டி வெட்டி இழுத்துது. அப்பாவோட பழைய வேட்டியக் கிழிச்சுச் சுத்திக் கொண்டுபோயிட்டாவ."

"கொடியை எதால அறுத்தாவ?"

"மருத்துவச்சி இடுப்புல ஒரு கத்தி வச்சிருப்பா. அதால."

"வெந்நியில போட்டாளா?"

"வெந்நியா? அது எதுக்கு?"

விடுதி ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலை அவிக்காமல் தொட்டதற்காக ரோஸ் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "அப்பம் கத்தியக் கேளுங்க மயினி," என்றாள். குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. "இத்தன வருசமா ஊசியக் கேட்டுக்கிட்டு இருக்கியளே!"

அற்புதமணி முள்ளை மண்ணில் குத்தி வைத்தாள்.

இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கத்துக்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று ரோஸுக்குள் கல்லாக இறுகியது. இந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சட்டை தைத்தா வைத்திருந்தார்கள்? கிழிசலைச் சுற்றினால் கண்டுகொள்ளாமல் போய்விடும் என்று யாரை ஏமாற்றுகிறார்கள்? வருகிற பிள்ளையை வா என்று சொல்லக்கூட ஒரு வீடு முழுக்கப் பயந்து கிடந்தால், அது எந்த நம்பிக்கையில் வரும்?

"அந்தச் சட்டை எங்க இருக்கு?"

"இருக்கு. என் பெட்டியில, அடியில."

"எடுங்க."

"என்னத்துக்கு?"

"என் பிள்ளைக்கு முதச் சட்டை அதுதான்."

"ஏளா!" அற்புதமணி மார்பில் கை வைத்துக்கொண்டாள். "செத்த பிள்ளைச் சட்டைடீ அது!"

"செத்த பிள்ளை போடலியே மயினி. அது புதுச்சட்டை. நீங்க ஆசையாத் தச்சது."

"ஏதாவது ஆயிட்டுன்னா?"

அந்தக் கேள்வி ரோஸிடமும் உண்டு. தனியாக இருக்கும்போதெல்லாம், தண்ணீர் இறைக்கும்போது, சோறு வடிக்கும்போது, அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"ஆச்சுன்னா, சட்டையோட போகும். கிழிசல்ல போகாது."

அற்புதமணி மடியிலிருந்த சட்டையை எடுத்து ரோஸின் மடியில் வைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். பெட்டியின் தாழ் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வராமலே போய்விடுவாளோ என்று ரோஸ் நினைத்தபோது அவள் வந்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்துக் கொண்டுவந்தாள். மெல்லிய வெள்ளைத்துணி மடிப்போரங்களில் பழுப்பேறியிருந்தது. கழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாக நூல்பூ. விடுதியில் படித்த ரோஸுக்குக்கூட அவ்வளவு சிறிதாகப் போட வராது.

இரண்டு சட்டைகளையும் அவர்கள் சேர்ந்து துவைத்தார்கள். ஒரு கை கழன்று தொங்கிய சாக்குச் சட்டையை ரோஸ் அலசினாள். மற்றதை அற்புதமணி வேறு யாரையும் தொடவிடவில்லை. சோப்பு நுரையில் வைத்து, தேய்க்காமல், அமுக்கி அமுக்கி எடுத்தாள். தண்ணீர் பழுப்பாக இறங்கியது. மாற்றினாள். இறங்கியது. இன்னொரு தடவை மாற்றினாள்.

பின்கட்டில் காயப்போடலாம் என்று அற்புதமணி சொன்னாள். ரோஸ் கேட்கவில்லை. வாளியைத் தூக்கப் போனவளைத் தடுத்து, அற்புதமணியே அதைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். வேப்பமரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தது. கடல்காற்று எதையும் விட்டுவைக்காது என்பதால் கயிற்றின் இரண்டு புரியையும் விரித்து நடுவில் துணியின் முனையைச் செருக வேண்டும். ரோஸ் புரியை விரித்துப் பிடித்தாள். அற்புதமணி முதலில் தன் சட்டையைச் செருகினாள்.

ஜெபக்கூட்டம் முடிந்து பெண்கள் தெருமுனையில் திரும்பினார்கள். பேச்சு ஒவ்வொரு வாயாக நின்றது. ஞானபாய் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்தபடி கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து கயிற்றுக்கு முன்னால் நின்றாள். பார்வை மங்கியவள், துணியைக் கண்ணுக்குக் கிட்டத்தில் இழுத்துத்தான் பார்க்க முடிந்தது. கழுத்தின் நூல்பூக்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"இது உன் தையல் இல்லையே," என்றாள் ரோஸைப் பார்த்து. "யாரு தச்சா?"

ரோஸ் அற்புதமணியைப் பார்த்தாள். இது தன் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெருவே காத்திருந்தது.

"நான்தான்ம்மா," என்றாள் அற்புதமணி. எதிர்வீட்டு வாசல்வரைக்கும் கேட்டது. "என் பிள்ளைக்குத் தச்சேன்."

ஞானபாய் திரும்பவில்லை. பிடித்த துணியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஈரச்சட்டையிலிருந்து வடிந்த தண்ணீர் அவள் விரலில் இறங்கி, முழங்கைவரை ஓடி, மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. ரோஸ் குனிந்து, வாளியிலிருந்து அடுத்த சட்டையை எடுத்தாள். மூன்று பேர் மேலும் தெறிக்கும்படி ஓங்கி ஓர் உதறு உதறிவிட்டு, மாமியாரின் கைக்குப் பக்கத்திலேயே கயிற்றுப் புரியை விரித்தாள்.