கட்டையானவளுக்குப் பெரிய சில்லு

கிருஷாந்திக்கு வாய் நீளம், ஆள்தான் கட்டை. செருப்போடு நின்றால் நாலடி பத்து. செருப்பைக் கழற்றி நில் என்றால் நிற்க மாட்டாள். கட்டுகஸ்தோட்டையில் அம்ஜத்தின் சைக்கிள் கடையில் அவளுக்கு வேலை. கடைக்குள் வந்தவரிடம் அவள் ஒரு சைக்கிளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால், வாங்காமல் வெளியே போக யாருக்கும் மனம் வராது. அந்த வாய்தான் கடைசியில் வினையாய் வந்து முடிந்தது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

இப்போது வருகிற மலைச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சில்லு, அதாவது சக்கரம், இருபத்தொன்பது அங்குலம். கட்டையான ஆட்களுக்கென்று சட்டத்தைச் சின்னதாக்கி அனுப்புகிறார்கள், சில்லை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எந்தப் புண்ணியவானின் யோசனையோ! கடைக்கு வருகிற பெண்கள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். சில்லு இடுப்புக்கு வரும். "வடிவாத்தான் இருக்கு" என்று தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அம்ஜத் நேர்மையான மனிதர், அவளுக்கு அண்ணன் முறையில் 'நானா'. ஒருநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நீங்க ஒருக்கா இத மலையில ஓட்டிப் பாருங்கோ. சரிவந்தா வீடியோ எடுத்துப் போடுவம். சரிவராட்டி ஒளிக்காமச் சொல்லுங்கோ, நான் இனிச் சின்னச் சில்லு உள்ளதையே எடுக்கிறன்."

கிருஷாந்தி சைக்கிளைத் தெல்தோட்டைப் பக்கம், தான் பிறந்த தோட்டத்துக்கே கொண்டுபோனாள். தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதிக்கும் மலை என்றுதான் பெயர். அவளுடைய அம்மா ரத்தினம்மா கொழுந்து பறிப்பது கோயில்மலையில். அதன் உச்சியிலிருந்து தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு இறங்கும் பாதையில் பாதித் தூரத்தில், சட்டென்று வளைந்து திரும்பும் ஒரு முடக்கு உண்டு. நடந்து போகிறவர்களே அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். முடக்குக்கு மேலே ஒரு மரத்தில் போனைக் கட்டி வீடியோவை ஓடவிட்டு அவள் உச்சிக்கு ஏறினாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஏற்றத்தில் அது அருமையான சைக்கிள். கல்லோ வேரோ எது வந்தாலும் பெரிய சில்லு மதிக்காமல் ஏறிப் போனது. இறக்கத்தில்தான் அதன் குணம் தெரிந்தது. செங்குத்தாக இறங்கும்போது உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளித் தாழ்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தலைகீழாய்ப் போய்விடும். நெடிய ஆட்களுக்குச் சீட்டுக்குப் பின்னால் இடம் கிடக்கிறது. இவள் தள்ளியதுமே பின் டயர் காற்சட்டையைக் கவ்வி, தோலையும் உரித்துவிட்டது. பதறிப்போய் முன்னால் வந்தாள். அதற்குள் முடக்கு வந்துவிட்டது. ஹேண்டிலை ஒடித்தாள், முன் சில்லு அவளுடைய கால்விரலில் மோதி அப்படியே இறுகி நின்றது.

விழுந்தாள். ஆனால் தேயிலைப் பக்கம் விழுந்தாள். வளர்ந்த தேயிலை அடர்த்தியாகக் கிளை பின்னிக் கிடக்கும், மேலே விழுந்தவரைக் கீழே விடாது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது அப்படி விழுந்து சிரித்தவர்கள்தான். அவளும் சிரித்துக்கொண்டே எழும்பினாள். சைக்கிளை முடக்கு தாண்டி உருட்டிப்போய் மீதி வழியை ஓட்டி முடித்தாள்.

அன்று பின்னேரம் வீடியோவில் விழுந்ததையும் உருட்டியதையும் மட்டும் வெட்டிவிட்டுக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாள்.

ஐயோ, அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்க்க வேண்டுமே! 'கட்டச்சி கலக்கிட்டா' என்றார்கள், 'சிங்கக்குட்டி' என்றார்கள். பள்ளிக்கூடப் படத்தில் முன்வரிசையில் குந்தவைக்கப்பட்டவள், பஸ்ஸில் மேல்கம்பி எட்டாமல் யாருடைய பையையோ பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். முதன்முறையாக ஊரே அவளை அண்ணாந்து பார்த்தது. அந்த ருசி பொல்லாதது.

அம்ஜத் கேட்டார்: "ஒரு கரைச்சலும் இல்லையே தங்கச்சி?"

"ஒண்ணும் இல்ல நானா. சூப்பரா இருக்கு."

தொடையில் உரிந்த தோல் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. உனக்குப் பெரிதாய்ப் போய்விட்டதா என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற வெட்கம் அந்த எரிச்சலைவிடப் பெரிதாய் இருந்தது.

பிறகுதான் நிரஞ்சலா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக் கச்சேரியில் அரசாங்க அலுவலக வேலை, நாற்பதை நெருங்கும் வயது. கிருஷாந்தியைவிடவும் ஒரு விரல் கட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும் பெண்கள் குழுவொன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தார்.

"உம்மட வீடியோவை எத்தினை தரம் பார்த்தனான் எண்டு எனக்கே தெரியாது," என்றார். "வாற ஞாயிறு எங்கட ஆக்கள் அதே பாதையிலதான் இறங்கினம். உண்மையைச் சொல்லும் கிருஷாந்தி. என்னைப்போல கட்டையான ஆளுக்கு உந்தப் பெரிய சில்லு சரிவருமோ?"

உண்மை தொண்டைவரைக்கும் வந்தது. சின்னச் சில்லுச் சைக்கிள் ஒன்று அதே கடையின் மூலையில் நின்றது, கையை நீட்டினால் போதும். ஆனால் நிரஞ்சலா அவளை அப்படி ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தாராளமா சரிவரும் அக்கா. நானே ஓட்டுனேன்ல?"

மனம் உறுத்தியது. உறுத்தலுக்கு மருந்தாக இன்னொன்றையும் சொல்லிவைத்தாள்: "அந்த முடக்குல மட்டும் கவனம். சைக்கிள் நிக்காதுன்னு தோணுச்சுன்னா யோசிக்காதீங்க, தேயிலைப் பக்கம் சாஞ்சிருங்க. தேயிலை புடிச்சிக்கும்."

"ஓம், சாயிறன்," என்று நிரஞ்சலா பாடம் கேட்ட பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அந்தப் பெரிய சில்லுச் சைக்கிளையே வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம் அம்மா போன் போட்டாள். வழக்கமான பேச்சுதான். தம்பிக்குச் சளி, கூரையில் ஒழுக்கு. "இப்ப எங்கள ஆத்துமலைக்கு மாத்திட்டாங்க புள்ள. ஏறி எறங்க முழங்கால் கழண்டு போவுது," என்றாள்.

பார்த்த மலையை விட்டுக் கொழுந்துக்காரிகளை இன்னொரு மலைக்கு ஏன் மாற்றுவார்கள்? தோட்டத்தில் வளர்ந்த யாரும் கேட்காமல் விடாத கேள்வி அது. கேட்கக்கூடத் தேவையில்லை, காரணம் தானாகவே தெரியும். கிருஷாந்தி டவுனுக்கு வந்து மூன்று வருஷம். "தைலம் போட்டுத் தடவும்மா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அடிப் பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா!

சனிக்கிழமை முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. இரண்டு முறை நிரஞ்சலாவின் நம்பரை எடுத்தாள். 'நீங்க முடக்குல எறங்கி நடந்து போங்க அக்கா' என்று சொன்னாலே போதும், வீடியோவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏன் என்று கேட்டால்? இரண்டு முறையும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிறு காலை கோயில்மலையில் பனி கலைய மறுத்தது. சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு குழுவின் லொறி உச்சிக்குப் போய்விட்டது. இறங்கி வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கக் கிருஷாந்தி லயத்தடியில் நின்றாள். ஞாயிறென்பதால் மலையில் ஆள் நடமாட்டமே இல்லை. அவள் மேலே பார்த்தாள். பனிக்குள்ளே பச்சையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் ஏதோ சரியில்லை. தேயிலையின் பச்சை மினுங்கும், இது வாடிக் கறுத்திருந்தது. பனியாக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நல்ல உயரமான பெண்கள். "செம ரோட்டு!" என்று மூச்சு வாங்கிச் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன, சீட்டுக்குப் பின்னால் இடம் கிடக்கிறது.

ரத்தினம்மா சட்டியில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மேலே பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"ஏன்டி, கோயில்மலை வழியாவா எறங்குறாங்க? வேற வழியே கிடைக்கலியா? கவ்வாத்து வெட்டி வச்சிருக்காங்களே."

"கவ்வாத்தா?" கிருஷாந்தி மறுபடியும் மலையைப் பார்த்தாள். "பச்சையால்ல தெரியுது?"

"வெட்டுன தழைய மேல பரத்திப் போட்டிருக்காங்க, கட்டைக்கு வெயில் படாம. வெள்ளிக்கெழமதான் முடிச்சாங்க. அதுக்காகத்தானே எங்கள ஆத்துமலைக்கு அனுப்புனாங்க. உனக்கு இதெல்லாம் மறந்தே போச்சா?"

சில வருஷங்களுக்கு ஒருமுறை தேயிலையை முழங்கால் உயரத்துக்குக் கவ்வாத்துக் கத்தியால் சரித்து வெட்டிவிடுவார்கள். மிஞ்சுவது கூரான கட்டைகள், ஆயிரக்கணக்கில், எல்லாம் மேல்நோக்கி. அதன்மேல் தழையைப் போட்டால் தோட்டத்துக்காரருக்குத் தெரியும். கச்சேரியில் வேலை செய்கிறவருக்கு எப்படித் தெரியும்?

போன் போட்டாள். மேலே சிக்னல் இல்லை. போத்தல்களைப் போட்டுவிட்டு ஓடினாள். குறுக்குப் படிகளில் கைகளையும் ஊன்றி ஏறினாள். பிள்ளையாரே, அவர் இன்னும் புறப்பட்டிருக்கக் கூடாது, பயந்து திரும்பிப் போயிருக்கட்டும், சைக்கிள் உடைந்து போகட்டும் என்று வாய்க்கு வந்ததெல்லாம் வேண்டினாள்.

முடக்கு கண்ணுக்குத் தெரிந்தபோது மேலே பிரேக் கிறீச்சிட்டது. பனியைப் பிளந்துகொண்டு நிரஞ்சலா வந்தார். கிருஷாந்தி பார்க்கப் பார்க்க எல்லாம் அதே வரிசையில் நடந்தது. நிரஞ்சலா பின்னால் தள்ளினார், டயர் கவ்வியது, பதறி முன்னால் வந்தார். ஹேண்டில் திரும்பியது, முன் சில்லு காலில் மோதி இறுகியது.

"அக்கா, அந்தப் பக்கம் வேணாம்! ரோட்டுலயே விழுங்க! ரோட்டுல!"

நிரஞ்சலா அந்தக் குரலைக் கேட்டாரோ என்னவோ. ஒரு வாரமாக மனத்தில் பதித்து வைத்திருந்ததைத்தான் செய்தார். பச்சைப் பக்கம் சாய்ந்தார். கைகளை விரித்து, முழுப் பாரத்தையும் கொடுத்து, நம்பிச் சாய்ந்தார்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

லயத்து ஆட்கள் கம்பளியில் தூக்கிவந்து, உச்சியிலிருந்து இறங்கிவந்த லொறியில் ஏற்றினார்கள். தொடையிலும் விலாவிலும் துணியைக் கட்டி அழுத்திக்கொண்டு ரத்தினம்மா ஒரு பக்கம் இருந்தாள். மறுபக்கம் கிருஷாந்தி. நிரஞ்சலா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்திருந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆனால் நினைவு இருந்தது, பேசவும் செய்தார்.

"அழாதேயும். உம்மில ஒரு பிழையும் இல்லை. நீர் சொன்ன மாதிரித்தான் சாய்ஞ்சனான்."

"பேசாதீங்க அக்கா. தயவுசெஞ்சு பேசாதீங்க."

"சைக்கிளிலயும் பிழை இல்லை. எனக்குத்தான் ஓடத் தெரியேல்லை. உதே உயரந்தானே நீரும், உதே சைக்கிள்தானே." மூச்சு நின்று நின்று வந்தது. "நீர் விழேல்லைத்தானே?"

ரத்தினம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த மனுசிக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும். இவ்வளவு நடந்த பிறகும் கிருஷாந்தியின் வாய் அந்தப் பொய்க்குத்தான் முதலில் தயாரானது. அதை உணர்ந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"விழுந்தேன் அக்கா," என்றாள். "அதே எடத்துல. அதே மாதிரி. வீடியோவுல அத வெட்டிட்டேன்."

நிரஞ்சலா அவளை நெடுநேரம் பார்த்தார். பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்து, ரத்தினம்மாவின் பக்கம் நீட்டினார். ரத்தினம்மா மகளைப் பார்க்காமலேயே அதைப் பிடித்துக்கொண்டாள். லொறி அடுத்த முடக்கில் திரும்பியது, ஆஸ்பத்திரி இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.